ஈ பிரிவின் மகள்

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்சி அலுவலகத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் என் பிழைப்பு. ஓட்டுநர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சைரன். முகத்துக்கு நேராக ஒருத்தனும் கூப்பிட்டதில்லை, அந்தத் தைரியம் எவனுக்கும் கிடையாது. அப்பா வைத்த பெயர் வாயாடி. நான் பிறந்ததும் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி வாசலில் கட்டியிருந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். சுத்தப் பொய். ஆனால் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்!

அந்த மனுஷருக்குத்தான் மறதி நோய் வந்தது. வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்தவரை பார்த்தேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோய் ஒருநாள் சமையலறையே புகைந்த பிறகு, முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இந்த நோயில் முகங்கள் முதலில் அழியும், குரல்கள் கடைசிவரை நிற்கும் என்பார் அந்த இல்லத்து டாக்டர். அதனால் ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் ஆறு மணிக்கு, அந்தந்த அறைக்காரரின் பிள்ளை பேசிய ஒலிப்பதிவு அதில் வரும். அதைக் கேட்டால் எழுவார்கள், மாத்திரை போடுவார்கள். அப்பாவுக்கு இதயத்துக்கான மாத்திரை தப்பவே கூடாது. வேறு யார் கொடுத்தாலும் விஷம் என்று துப்பிவிடுவார். "அப்பா, எந்திரிங்க! மாத்திரையைப் போடுங்க. அப்புறம் போடுறேன்னு கதை விடாதீங்க, எனக்குத் தெரியும்!" என்று நான் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் போட்டால் சமர்த்தாக விழுங்கிவிடுவார்.

நடுவில் அலுவலகப் படிக்கட்டில் விழுந்து என் கால் முறிந்தது. மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தேன். அந்தச் சமயத்தில்தான் இல்லத்துக்குப் புதுக் கட்டடம் வந்து, அப்பாவை ஈ பிரிவின் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். போன் பண்ணினால் அவருக்கு அதைக் காதில் வைக்கவே தெரியாது. "ரொம்ப நல்லா இருக்கார்க்கா. மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போடுறார். கவலைப்படாம காலைப் பாருங்க" என்றாள் அங்கிருக்கும் சிஸ்டர். நானும் நம்பினேன்.

கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். ஈ பிரிவின் நடைபாதை நீளமாக, வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரே மாதிரி ஆறு கதவுகள். சுவரை ஒட்டி ஐந்து நாற்காலிகள், ஐந்திலும் ஆள். எல்லோரும் சலவைச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்ததும் ஐந்து முகமும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. பார்த்தன. ஒன்றாகவே அணைந்துபோய்க் கீழே குனிந்தன.

ஐந்தாவது நாற்காலியில் அப்பா.

"அப்பா!" என்றேன், என் வழக்கப்படி கூரை அதிர.

அவர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். "யாரும்மா நீங்க? எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

நீங்க! பெற்ற நாளிலிருந்து என்னை அவர் வாடி போடி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "நான்தான்ப்பா, வாயாடி. கால் உடைஞ்சு போச்சு, அதான் வர முடியலை."

"பாத்து நடக்கக் கூடாதா?" என்று யாரோ வழிப்போக்கரிடம் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, மறுபடி வாசலைப் பார்த்தார். "மைனா வர்ற நேரம். கொஞ்சம் நகந்துக்குங்க, வாசல் மறைக்குது."

"எந்த மைனா?"

"என் பொண்ணு. ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கா. மழை பேஞ்சா கொஞ்சம் லேட்டாகும்."

வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. சரி, நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என் கையைத் தட்டினார். அவரை அங்கே எல்லோரும் டீச்சர் என்பார்கள், முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர்.

"வருவா, வருவா. மழை பேஞ்சா கொஞ்சம் லேட்டாகும்."

"உங்களுக்கு யாரும்மா வரணும்?"

"என் பொண்ணு மைனாதான். என்னைப் போய் அப்பான்னு கூப்பிடுவா, கழுதை. சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு எல்லாமே விளையாட்டு."

மூன்றாவது நாற்காலிக்காரரிடம் போனேன். இரண்டாமவரிடம் போனேன். எல்லோருக்கும் ஒரே பதில், ஒரே மழை. குரல்கூட ஒரே இழுப்பில் வந்தது.

அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி அவர் அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். அவரும், வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்கிறவர்போல் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் மைனா கதைதான். மைனாவுக்கு ரயில் பாதை ஓரமாகச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது, அவள் சறுக்கி விழுந்தது. "ஓடிப் போய்ப் பிடிச்சேன். அப்ப கிழிச்சதுதான் இது" என்று முழங்கையைத் திருப்பிக் காட்டினார்.

அந்தத் தழும்பு என்னுடையது. ஐந்து வயதில் நான் கோபத்தில் இரும்புக் கதவை அறைந்து சாத்தியபோது அவர் கை நடுவில் மாட்டிக்கொண்டது. தையல் போட்டுக்கொண்டு வந்து, அழுதுகொண்டிருந்த என்னைத் தூக்கிவைத்து, "என் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டாடா" என்று சிரித்தவர். அதை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யார் இந்த மைனா, அவளைக் கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. மாலை ஆறு மணிக்குச் சுவர் பேசியது.

"அப்பா, நான் மைனா பேசுறேன். சாப்பிட்டீங்களா? மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன், சரியா? மழை பேஞ்சா கொஞ்சம் லேட்டாகும். நல்லாத் தூங்குங்க, அப்பா."

தேன் மாதிரி ஒரு குரல். என் குரல் வர வேண்டிய இடத்தில் அது வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் வந்தது, எதிர் அறையிலும் வந்தது. நான் கதவைத் திறந்து நடைபாதையில் நின்றேன். ஆறு கதவுகளுக்குப் பின்னாலிருந்தும் ஒரே பெண் ஒரே மூச்சில் பேசி முடித்தாள். முடித்ததும், ஐந்து கதவுகளுக்குப் பின்னாலிருந்து ஐந்து கிழக்குரல்கள் ஒன்றாகச் சொல்லின: "சரிடா கண்ணு."

முதல் அறையிலிருந்து மட்டும் பதில் இல்லை. போய்த் தள்ளிப் பார்த்தேன். கட்டில், சுருட்டி வைத்த மெத்தை, ஜன்னல். ஆள் இல்லை.

என் கத்தலுக்கு சிஸ்டர் ஓடி வந்தாள். ஆறு மணிக்கு அவர்களுக்கு வேலை மாறும் நேரம், எல்லோரும் முன் அலுவலகத்தில் இருப்பார்கள். புதுக் கட்டடம் வந்ததிலிருந்து அந்தக் குரலை அவர்கள் யாரும் கேட்டதே இல்லையாம். எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள், மாத்திரை போடுகிறார்கள், அப்புறம் என்ன சந்தேகம் வரும்? நான் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, அது முதல் ரூம் தாத்தாவோட பொண்ணு. தாத்தா இங்க வந்து கொஞ்ச நாள்லயே போயிட்டார்."

"அவளைக் கூப்பிடு. நான் பேசணும்."

"அவளைக் கூப்பிட முடியாதுக்கா. தாத்தாவுக்கு முன்னாடியே அவ நோயில போயிட்டா. தாத்தா அதை மறந்துட்டார். நாங்களும் ஞாபகப்படுத்தலை. குரலை மட்டும் ஓட விட்டோம்."

ஆக, பேசினவளும் இல்லை, கேட்டவரும் இல்லை. நடுவில் என் அப்பா உட்கார்ந்து சரிடா கண்ணு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலையிலேயே இல்லத்தின் கம்ப்யூட்டர்காரர் வந்தார். ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரையில் ஏதோ வரிகளை மேலும் கீழும் தள்ளினார். நான் பின்னாலேயே கம்போடு நின்றேன். கொஞ்ச நேரத்தில், "அட, படுபாவி!" என்றார்.

"யாரை?"

"இதை எழுதினவனை. அவன் வேலையை விட்டே போயிட்டான். மேடம், ரூம் நம்பரைப் பாருங்க. முதல்ல மாடி, தரைத்தளம்னா சைபர். அடுத்தது பிரிவு, ஈ. அப்புறம் ரூம். உங்க அப்பா ரூம் 0E6. இறந்துபோனவர் ரூம் 0E1."

"ரெண்டும் வேறதானே? எனக்கே தெரியுது, உங்க மிஷினுக்குத் தெரியாதா?"

"நீங்க எழுத்தாப் பாக்கறீங்க. இந்த மொழி கொஞ்சம் அதிகப்பிரசங்கி. ரெண்டைக் கொடுத்து சமமான்னு கேட்டா, ரெண்டும் எண் மாதிரி தெரிஞ்சா, நம்மளைக் கேக்காமலே எண்ணா மாத்திட்டுத்தான் ஒப்பிடும். பெரிய எண்ணைச் சுருக்கி எழுதுறப்ப நடுவுல E போடுவாங்க. 2E3ன்னா ரெண்டுக்குப் பின்னால மூணு சைபர், ரெண்டாயிரம். அப்ப 0E6ன்னா?"

"சைபருக்குப் பின்னால ஆறு சைபர்."

"அது எவ்வளவு?"

"சைபர்தான்."

"0E1?"

"அதுவும் சைபர்தான்."

"ஏ, பி பிரிவுல எல்லாம் தொந்தரவு இல்லை, அதைப் பாத்தா எண்ணாத் தெரியாது. ஈ பிரிவுலயே மாடி மேல போனா ஒவ்வொண்ணும் வேற வேற எண். தரைத்தளத்துல மட்டும் ஆறு ரூமும் அதுக்கு ஒண்ணுதான். தேடுறப்ப முதல்ல அகப்பட்ட குரலைப் போட்டுடுது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு சமக்குறி போட்டிருக்கான். மூணு போட்டா, மாத்தாம அப்படியே எழுத்தாப் பாக்கும். அஞ்சு நிமிஷ வேலை."

என் அப்பா, டீச்சர், செத்துப்போன ஒரு மனுஷர், எல்லோரும் சேர்ந்து ஒரு சைபராம். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் திரையைக் கம்பால் அடித்திருப்பேன். "போடுங்க சார், மூணு இல்ல, முப்பது போடுங்க" என்றேன். அவர் மூன்றுதான் போட்டார்.

அன்று மாலை சிஸ்டரும் நானும் நடைபாதையில் காத்திருந்தோம். என் அப்பா திரும்பி வரப்போகிறார் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஆறு மணி. ஆறு கதவுகளுக்குப் பின்னால் ஆறு குரல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு எழுந்தன. அத்தனைக்கும் மேலே என் குரல் கேட்டது. "அப்பா! மாத்திரையைப் போடுங்க. போட்டுட்டுத்தான் படுக்கணும், சொல்லிட்டேன்!"

யாரும் சரிடா கண்ணு சொல்லவில்லை.

முதலில் டீச்சர் வெளியே வந்தார். "என் ரூம்ல எவனோ ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான், அம்மா அம்மாங்கறான்." அது அவர் பெற்ற மூத்த மகன். அடுத்தடுத்துக் கதவுகள் திறந்தன. சுவரைத் தடவிக்கொண்டு எல்லோரும் நடைபாதைக்கு வந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலி அறையில் மட்டும் மைனா நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஐந்து பேரும் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார்கள். அவள் பேசி முடிப்பதற்குள் அந்த அறைக்குள் போய், வெறும் கட்டிலைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"அப்பா, வாங்க நம்ம ரூமுக்கு" என்று தோளைத் தொட்டேன்.

அவர் என் கையைத் தட்டிவிட்டார். "நீதானா அது? நீதானே உள்ள இருந்து கத்துனே? என் பொண்ணை என்ன பண்ணினே?"

"நான்தான்ப்பா உங்க பொண்ணு!"

"போ வெளியே! சிஸ்டர், இவளை வெளியே போகச் சொல்லுங்க!"

பழகிவிடும், பொறுங்கள் என்றார் கம்ப்யூட்டர்காரர். பழகவில்லை. சுவர் பேசும்போதெல்லாம் அப்பா காதைப் பொத்திக்கொண்டார். மாத்திரையைத் துப்பினார். சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் தட்டைத் தள்ளினார். மற்ற நால்வரும் அப்படியே. காலி அறையை சிஸ்டர் பூட்டிவைத்தாள், பூட்டிய கதவில் அவர்கள் காதை வைத்து நின்றார்கள். நான் தினமும் போய்ச் சண்டை போட்டேன், கெஞ்சினேன், பழைய கதையெல்லாம் தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லிப் பார்த்தேன். நான் எவ்வளவு பேசினேனோ அவ்வளவு மிரண்டார்.

அந்த வாரமே அப்பா நடைபாதையில் சரிந்து விழுந்தார். டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாத்திரை உள்ள போகணும்மா. இன்னும் சில நாள் இப்படியே விட்டா நான் எதுவும் சொல்றதுக்கில்லை."

நான் நேராகக் கம்ப்யூட்டர்காரரிடம் போனேன். "அந்த மூணாவது குறியை அழிச்சிடுங்க."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"பழையபடி ஆக்குங்க. ஆறும் ஒண்ணாகவே இருக்கட்டும்."

"வேணும்னே தப்பா எழுதச் சொல்றீங்களா? செத்தவ குரல், மேடம். உங்க குரல் உங்க அப்பாவுக்குக் கேக்கவே கேக்காது. யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்காமலா வந்தேன்? என் குரல் கேட்டு அவர் சாகறதுக்கு, அவ குரல் கேட்டு இருந்துட்டுப் போகட்டும்யா!" சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கைக்குட்டையை நீட்டினார், பிறகு அது தும்மின கைக்குட்டை என்று ஞாபகம் வந்து திரும்ப எடுத்துக்கொண்டார்.

மற்ற நான்கு வீடுகளுக்கும் சிஸ்டர் போன் செய்து கேட்டாள். எதிர்த்து ஒருத்தர்கூடப் பேசவில்லை. டீச்சரின் மகன் மட்டும், "அம்மா சாப்பிடுறாங்கன்னா சரி" என்றானாம். கம்ப்யூட்டர்காரர் ஒரு குறியை அழித்தார். அந்த வரிக்கு மேலே, இது தவறில்லை, யாரும் திருத்த வேண்டாம் என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்.

மாலை ஆறு மணிக்கு மைனா வந்தாள். ஐந்து கதவுகளும் சரிடா கண்ணு என்றன. அப்பா மாத்திரையை விழுங்குவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கிளம்பினேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறதே. அவள் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், இவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சிஸ்டர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவங்களுக்கு முகம் எதுவும் நிக்காதுக்கா. அவ முகத்தைப் பாத்தவங்களும் இல்லை. யாரைக் காட்டி மைனான்னு சொன்னாலும் அவங்களுக்கு மைனாதான். வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"நானா? வாயைத் திறக்காமலா?"

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனேன். கதவு திறந்தது. ஐந்து முகமும் ஒன்றாகத் திரும்பின. சிஸ்டர் என் முதுகில் கைவைத்து, "மைனா வந்தாச்சு" என்றாள்.

அந்த ஐந்து முகங்களையும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். டீச்சர் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, "பாரு, இளைச்சே போயிட்டா. என்னை அப்பான்னு கூப்பிடுடி பாப்போம்" என்றார். ஒருவர் தலையைத் தடவினார். ஒருவர் என் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மழையில் நனைந்தாயா என்று ஒருவர் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தார். நான் எல்லோருக்கும் தலையை ஆட்டினேன். பயமாக இருந்தது, இவர்கள் தொடுகிற உடம்பு யாருடையது என்று எனக்கே ஒரு கணம் தெரியாமல் போயிற்று.

கடைசி நாற்காலி அப்பா. இரண்டு கையாலும் என் கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"காலைல எல்லாம் அவ்வளவு பேசுறே, நேர்ல வந்தா ஒரு வார்த்தை கிடையாதா?"

"தொண்டை கட்டியிருக்கு தாத்தா அவளுக்கு. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள் சிஸ்டர்.

"அடடா. வெந்நீர் குடிடா கண்ணு." என் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சிஸ்டர் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, என் காதுப் பக்கமாகக் குனிந்தார்.

"மைனா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இங்க ஒருத்தி வந்துக்கிட்டிருந்தா. கம்பு ஊணிக்கிட்டு வருவா. நான்தான் உங்க பொண்ணு, நான்தான் உங்க பொண்ணுன்னு கத்துவா. எனக்குப் பயம்மா. கண்டபடி பேசி விரட்டிட்டேன்."

நான் அவர் முழங்கைத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சேன். பாவம், அவளுக்கு அப்பா இல்லை போலிருக்கு. யாரையாவது அப்பான்னு கூப்பிடணும்னு இருந்திருக்கும். நான் ரெண்டு வார்த்தை நல்லபடியாப் பேசியிருக்கலாம், என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவ மறுபடி வருவாளாடா?"

நான் பல்லைக் கடித்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வரமாட்டாள் என்று தலையாட்டினேன்.